எந்தத் தோட்டம் என்று கேட்காத டாக்டர்

முதல் நாள் வந்தவர் இறம்பொடைப் பக்கத்து ஆள். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கொழும்பிலிருந்து வந்த டாக்டரம்மா, புதிதாகப் பழகிய தமிழில், "எந்தத் தோட்டம்ங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். முன்பின் தெரியாதவரிடம் பேச்சைத் தொடங்க எங்கள் தேயிலை மலையில் அதைவிட மரியாதையான கேள்வி கிடையாது. வந்தவர் எழுந்துவிட்டார். "வயித்து வலிக்கு மருந்து கேக்க வந்தேங்க, பரவால்ல," என்று சொல்லி மழையில் இறங்கிப் போனார்.

எண்பதுகளின் கடைசி அது. ஹட்டனில் ஒரு சிறிய மருந்தகத்தில் எடுபிடியாக இருந்தேன். படிப்பு கொஞ்சம்தான், சிங்களம் நன்றாக வரும். ஆணும் ஆணும் சேரும்போது எயிட்ஸ் கிருமி எப்படிப் பரவுகிறது, இந்தப் பக்கத்து ஆண்களுக்கு அதைப் பற்றி என்ன தெரியும் என்று ஆராய வந்த டாக்டரம்மாவுக்கு மொழிபெயர்க்க என்னைப் பிடித்துப் போட்டார்கள். நானும் அப்படிப்பட்டவன்தான் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. லிந்துலையில் லொறி ஓட்டிய ஒருவருக்கு மட்டும் தெரியும்.

அந்த முதல் ஆள் ஏன் எழுந்து போனார் என்று டாக்டரம்மா கேட்டார். தோட்டத்தையும் டிவிஷனையும் சொன்னால், இன்னார் மகன் என்று பொழுது சாய்வதற்குள் ஆட்களை மேய்க்கும் கங்காணி கண்டுபிடித்துவிடுவார் என்றேன். அதன்பின் அவர் யாரிடமும் ஊரைக் கேட்கவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். வந்தவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் தேயிலைச் சரிவைப் பார்த்துப் பேசினார்கள்.

"ஒரே கோப்பையில தேத்தண்ணி குடிச்சா வருமாங்க?" "நுளம்பு கடிச்சா?" "நாங்க வெள்ளக்காரன்கூடப் போனதில்லையே, எங்களுக்கு எப்படிங்க வரும்?" டாக்டரம்மா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வார். கோப்பையால் வராது, நுளம்பு, அதாவது கொசு, கடித்தாலும் வராது. கிருமி இரத்தத்திலும் விந்திலும் இருக்கிறது. ஆசனவாய் வழியாக உறவு கொள்ளும்போது சுலபமாக உள்ளே போகிறது. ஆணுறை போட்டால் பெரும்பாலும் தடுக்கலாம். யாருக்கு இருக்கிறது என்று ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதையெல்லாம் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழாது. தரையைப் பார்த்தபடி சொல்வேன். "தம்பி, பூசாரி மாதிரி முணுமுணுக்காதீங்க, காது கேக்கல," என்றார் ஒருவர். சாயந்தரம் வீட்டுக்குப் போகும்போது மலை ஏறி இறங்கியதுபோல் உடம்பு ஓய்ந்திருக்கும்.

சொல்லச் சொல்ல எனக்கே பயம் வந்துவிட்டது. லொறிக்காரர் வாராவாரம் கொழும்புக்குப் போய் வருவார். அங்கே யாரோடு தங்குவார் என்று நான் கேட்டதில்லை. டாக்டரம்மா ஊருக்குப் புறப்படுவதற்கு முன், "எனக்கும் இரத்தம் பாருங்கள்," என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. "கையை நீட்டுங்க மல்லி," என்றார். மல்லி என்றால் தம்பி.

எனக்கு நோய் இல்லை என்று தெரிந்ததும், டாக்டரம்மா கொடுத்த ஆணுறைகளோடு லிந்துலைக்குப் போனேன். லொறிக்காரர் சிரித்தார். "என்னடா, என்னையப் பாத்தா சீக்காளியாட்டமா இருக்கு?"

"நீங்களும் ஒருக்கா ரத்தம் பாத்துருங்கண்ணே," என்றேன்.

சிரிப்பு நின்றது. "என்னைய அப்படி நெனச்சிட்ட, இல்ல? இனிமே இங்க வராத."

இப்போது ஆஸ்பத்திரிச் சுவரிலேயே இதைப் படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். ஐம்பது தாண்டிய எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. லொறிக்காரருக்கும் ஒன்றும் இருந்திருக்காது. பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்பதைச் சில நாள் பார்க்கிறேன். அன்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றும். ஊரெல்லாமிருந்து வந்தவர்களுக்குச் சொல்லிவிட்டு அவருக்கு மட்டும் எப்படிச் சொல்லாமல் இருப்பது? பஸ் வந்ததும் அவர் ஏறிக்கொள்வார். நான் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன்.