பரிமாற எத்தனை பேர்?

படிப்பகப் பலகையைப் பார்க்கும் நண்பர்களே, சர்க்கார் மானியத்துக்கான நம் மனுவோடு இன்று வேலூர் போய்வந்தேன்.

அங்கே ஆபீஸ் குமாஸ்தா மனுவின் தலைப்பை வாய்விட்டுப் படித்தார். "இளைஞர் பரிமாற்றமா? இன்னா பந்தி? பரிமாற எத்தினி பேரு?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினேன். "அது இல்ல சார். குடியாத்தம் பசங்க பத்து பேர் மைசூர் போய் ஒரு மாசம் தங்குவாங்க. அங்கேருந்து பத்து பேர் நம்ம வீடுங்கள்ல வந்து தங்குவாங்க."

"வர்றவங்க இன்னா ஜாதி?"

"மனுவுல அந்தக் கேள்வி இல்லியே சார்."

"மனுவுல இல்ல. உங்க ஊர்ல கேப்பாங்களே. யாரு வூட்ல சாப்பிடுவாங்க? யாரு பரிமாறுவாங்க?"

பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தேன். பரிமாற எத்தனை பேர் என்று அவர் முதலில் கேட்டதும் அதைத்தானே?

கீழே பத்து வரி விட்டிருக்கிறேன். இலை போடச் சம்மதிக்கும் வீட்டார் பெயரெழுதுங்கள். முதல் வரியில் என் பெயர் இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.