மனைவியின் வகுப்பில் நான் போட்ட ஒன்றுகள்

பாடம் நடத்துகிறவர்களுக்கும் பாடம் நடத்துவார்கள் என்று தெரிந்துகொண்டபோதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குப் பிறகு வந்த அதிர்ச்சிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

நான் பத்தாவதோடு நின்றவன். வடக்கனந்தல் பக்கத்தில் கரும்பும் கொஞ்சம் மரவள்ளியும் வைத்திருக்கிறேன். இரண்டு கறவை மாடு. கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம். விபூதி இல்லாமல் வாசல் தாண்ட மாட்டேன். என் மனைவி எனக்கு மாமன் மகள். கல்யாணம் ஆன பிறகுதான் எம்.ஏ. படித்தாள், அதற்கு மேலும் படித்தாள், இப்போது கல்வராயன் மலைமேல் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். விடியற்காலையில் பஸ் ஏறினால், இருட்டுகிற நேரத்துக்குத்தான் இறங்குவாள்.

ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவள் முகத்தில் சிரிப்பு.

“மாமா, பேர் வந்திடுச்சி. புத்தொளிப் பயிற்சி. பன்னெண்டு நாளு, போன்லயே நடக்கும்.”

“யாருக்குப் பயிற்சி?”

“எனக்குத்தான்.”

“நீயே அம்மாம் பேருக்குப் பாடம் சொல்ற. ஒனக்கு யாரு சொல்றது?”

“எங்களுக்கும் வாத்தியாருங்க இருக்காங்க மாமா. இந்த சர்டிபிகேட் இருந்தாதான் அடுத்த கிரேடு. மூணு வருஷமா எழுதிப் போட்டு இப்பதான் எடுத்திருக்காங்க.”

சொல்லிவிட்டு உடனே சுருங்கிப் போனாள். மலைமேல் கல்லூரியில் சிக்னல் கிடையாது. அவள் துறையில் இருப்பது இரண்டே பேர். மற்றவர் பிரசவத்துக்குப் போயிருந்தார். பன்னிரண்டு நாள் லீவு என்று பிரின்சிபாலிடம் வாய் திறக்கவே அவளுக்குப் பயம்.

“போனை வூட்ல வச்சிட்டுப் போறேன். நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்குங்க. பேசி முடிச்சதும் ஒரு பாரம் வரும். பேரு, நாப்பத்தேழுன்னு என் நம்பரு எல்லாம் நான் போட்டு வச்சிடறேன். அஞ்சு வட்டம் இருக்கும், எதையாவது தொட்டுட்டு அனுப்பிடுங்க. அத அனுப்பினாதான் வந்திருந்ததாக் கணக்கு.”

“இது தப்பில்லியா?”

“தப்புதான். எல்லாரும் இப்டித்தான் பண்றாங்க. எனக்கு வேற வழி இன்னா இருக்குது, சொல்லுங்க?”

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. மூன்று வருஷம் அவள் காத்திருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். சரி என்றேன்.

முதல் நாள் காலையில் மாட்டைக் கட்டிவிட்டுக் குளித்து, விபூதி பூசி, சாமி அறையில் உட்கார்ந்தேன். வீட்டில் சிக்னல் நன்றாக வருவது அங்கேதான். செம்பில் சாய்த்துப் போனை வைத்தேன். கல்வி என்றால் சரஸ்வதி. அவளுக்கு முன்னால் சட்டையில்லாமல், கால் நீட்டி உட்கார எனக்கு மனசு வராது. பேசினவர் பாதி இங்கிலீஷில் பேசினார், பாதி தமிழில் பேசினார். தமிழில் வந்ததை எல்லாம் காது கொடுத்துக் கேட்டேன்.

பக்கத்துக் கொல்லைக்காரன், எனக்குப் பங்காளி முறை, தண்ணீர் பாய்ச்ச மோட்டார் முறை கேட்க வந்தவன் கதவோரம் நின்று பார்த்தான்.

“இன்னாண்ணே, போனுக்குப் படையல் போட்டுக்கினு இருக்கியா?”

“சும்மா இர்றா. அண்ணி கிளாசு.”

“அண்ணி மலைல கீது, கிளாசு இங்க கீது. அப்ப பாஸாவப் போறது யாரு, நீயா? பத்தாவதையே ரெண்டு தபா எழுதன ஆளாச்சே நீ!”

சிரித்துக்கொண்டே போய்விட்டான். நானும் சிரித்தேன்.

போனில் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டமாக நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கட்டத்துக்குள் வெறும் பெயர்தான், முகம் இல்லை. பேசுகிறவர் முகம் ஒன்றுதான் தெரிந்தது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அன்று பேசினவர் முக்கியமான இடத்தில் இருக்கும்போது யாரோ ஒருவருடைய சத்தம் உள்ளே வந்துவிட்டது. குக்கர் விசில் அடித்தது. “சாம்பாருக்குப் புளி கரைச்சியா இல்லியா?” என்று ஓர் ஆண் குரல் கேட்டது. பேசுகிறவர் ஒரு நொடி நின்றார். அப்புறம் எதுவும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து பேசினார். இன்னொரு நாள் பேசினவர் கேள்வி ஒன்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், பதில் இல்லை. வேறொரு பெயரைக் கூப்பிட்டார், அங்கேயும் இல்லை. “சரி, நேரம் கருதி நானே சொல்லிடறேன்” என்றார்.

எனக்குத் திக்கென்றது. இத்தனை பெயரில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லையா? அந்த மனிதர் யாருக்காகத் தொண்டை வறளப் பேசுகிறார்? அன்றிலிருந்து, ஒருவனாவது கேட்கட்டும் என்று நான் எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர் குடிக்கக்கூட, அவர்கள் இடைவேளை விட்டால்தான் போவேன்.

பாரத்தையும் சிரத்தையாகவே போட்டேன். எதையாவது தொடுங்கள் என்று அவள் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. தலைக்கு மேலே சாமி படம் இருக்க, பொய்யாக எப்படித் தொடுவது? ஒன்று முதல் ஐந்து வரை வட்டம். அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், அர்த்தம் பிடிபடவில்லை. ஆனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் ஐந்து வகையறா. திருவிழாவில் பூசாரி முதல் விபூதியை முதல் வகையறாவுக்குக் கொடுப்பார், அப்புறம் இரண்டு, மூன்று என்று வந்து கடைசியில்தான் ஐந்தாவது வகையறா கை நீட்டும். அந்த வரிசைக்காக ஒரு வருஷம் தேரே நின்றிருக்கிறது. ஒன்றுக்கு மேல் மரியாதை எனக்குத் தெரிந்து கிடையாது. நன்றாகப் பேசினவர்களுக்கு எல்லாம் ஒன்று போட்டேன். காலையில் ஒருவர், மதியம் ஒருவர். எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள்.

ஒரே ஒருவருக்கு மட்டும் மனம் வரவில்லை. அவர், மலைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு நடத்தினாலும் ஏறாது, பாஸ் போட்டு அனுப்புவதுதான் புத்தி என்று சொல்லிச் சிரித்தார். என் மனைவி தினமும் பஸ்ஸில் ஏறிப் போவது அந்தப் பிள்ளைகளுக்காக. அவருக்கு ஐந்து போட்டேன். போட்ட பிறகு கொஞ்சம் ஜாஸ்தியாகப் போய்விட்டதோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பதினோராம் நாள் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பயிற்சியை நடத்துகிற அம்மா. இவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. எல்லார் பாரத்தையும் சேர்த்துப் பார்த்தோம். இருபத்திரண்டு பேர்ல இருபத்தோரு பேருக்கு ஒண்ணு போட்டிருக்கீங்களே. ஒண்ணுன்னா ‘மிக மோசம்’ மேடம்.”

இவள் கைப்பை கீழே விழுந்தது.

“அதோட, மலைப் பகுதி மாணவர்களைப் பத்தி அப்படிப் பேசினாரே, அவருக்கு மட்டும் ‘மிகச் சிறப்பு’. இயக்குநர் ரொம்ப வருத்தப்பட்டுட்டார். முதல் நாள் பேசினது அவரேதானே. நாளைக்குக் கடைசி நாள். ஒவ்வொருத்தரையும் வீடியோவுல நேர்முகம் பண்ணுவாங்க, அதுல உங்ககிட்ட கேட்பாங்க, தயாரா இருங்க.”

அவள் போனை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?”

நான் வகையறா, விபூதி எல்லாம் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“மூணு வருஷம்” என்றாள். அவ்வளவுதான்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. “கை தவறிப் பட்டிடுச்சின்னு சொல்லிடலாம். போன் சரியில்லன்னு சொல்லிடலாம்” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இருவத்தோரு தபாவா மாமா கை தவறும்?”

நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு இப்படி ஒரு பொய் இவ்வளவு சுளுவாக என் வாயில் வந்ததே என்று அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். நல்ல புடவை கட்டி, முகம் தெரிகிற மாதிரி கேமராவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வாசப்படியில் நின்றேன். மூன்று பேர் எதிரே தெரிந்தார்கள். நடுவில் இருந்தவர் இயக்குநர், நரைத்த மீசை.

“அம்மா, எங்க பயிற்சி அவ்வளவு மோசமா?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அடிபட்டவர் குரலில் கேட்டார்.

கை தவறிவிட்டது என்றே சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். நேற்று என்னைக் கேலி செய்தாலும், வேறு என்ன சொல்ல முடியும்? முருகா, அவள் வாயில் நல்ல வார்த்தையாக வரட்டும் என்று கும்பிட்டுக்கொண்டேன். பொய்க்குத் துணையாகத்தான் கும்பிட்டேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

“சார், நான் ஒருநாள்கூட உட்காரல. எனக்கு லீவு கிடைக்காதுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டு, போனை எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டேன். எல்லாத்தையும் கேட்டவர் அவர்தான். ஒண்ணுதான் முதல் இடம்னு நெனச்சி, பிடிச்சவங்களுக்கு எல்லாம் ஒண்ணு போட்டிருக்கார்.”

நடுவில் இருந்தவர் கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

“அவர் என்ன படிச்சிருக்கார்?”

“பத்தாவது சார். விவசாயம்.”

“அங்கே இருக்காரா?”

இவள் திரும்பிக் கையசைத்தாள். தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய், போனுக்கு முன்னால் நின்றேன்.

“ஐயா, முதல் நாள் காலையில நான் பேசினேன். அதுக்கும் ஒண்ணுதான் போட்டிருக்கீங்க. எதுக்கு?”

“கேள்வியக் கேட்டுட்டு ஒடனே நீங்களே பதில் சொல்லாதீங்க, புள்ளைங்க வாயத் தெறக்கற வரைக்கும் பொறுத்து நில்லுங்கன்னு சொன்னீங்க சார். அந்த அமைதி வாத்தியாருக்குத்தான் கஷ்டமா இருக்கும், புள்ளைக்கு அதுதான் யோசிக்கற நேரம்னீங்க. எனக்கு அது சாமி வாக்கு மாதிரி இருந்திச்சிங்க. அதான் போட்டேன். தப்பு என்னுதுதாங்க சார். அவங்க பேர எடுத்துடாதீங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் சொன்னார்:

“கேட்டதுக்கு நன்றிங்க ஐயா. ஆனா உங்க வீட்டம்மாவுக்கு நான் சர்டிபிகேட் குடுக்க முடியாது. வராதவங்களுக்கு வந்ததா கையெழுத்துப் போட முடியாது. அடுத்த அணியில நேரடிப் பயிற்சி இருக்கு. அவங்க விண்ணப்பம் போட்டா நான் பார்க்கிறேன்.”

அவள் “சரிங்க சார்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அந்த நடத்துகிற அம்மா மறுபடியும் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“ஏன் மேடம் சொன்னீங்க? ஒண்ணு அஞ்சுன்னு மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன்னு மட்டும் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அது உண்மைதானே. எங்களுக்குத் தெரியாதா, யார் இருக்காங்க, யார் இல்லைன்னு?”

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது இதுதான். தெரிந்தே நடத்துகிறார்கள், தெரிந்தே சர்டிபிகேட் கொடுக்கிறார்கள். பொய் சொல்லாமலே தப்பிக்கவும் ஒரு வழி இருந்திருக்கிறது. என் மனைவி அந்த வழியில் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, சர்டிபிகேட் பெற்றவர்களின் நம்பர் பட்டியல் வந்தது. விரலால் தள்ளித் தள்ளி எனக்குக் காட்டினாள். நாற்பத்தாறு இருந்தது. அதற்கு அடுத்து நாற்பத்தெட்டு.

“என் மேல கோவமா?” என்றேன்.

“கோவந்தான். இல்லன்னு சொன்னா அதுவும் பொய்யாப் போயிடும்.” போனைக் கவிழ்த்து வைத்தாள். “ஒங்க மேல கொஞ்சம், எம் மேல ஜாஸ்தி. ஒரு லீவு கேக்கறதுக்குப் பயந்துக்கினு இவ்ளோ பண்ணியிருக்கேன் பாருங்க.”

திங்கட்கிழமை அவள் பிரின்சிபாலிடம் போய், அடுத்த அணிக்காகப் பன்னிரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறாள். எதற்கு என்று கேட்டதற்கு, நடந்ததை முழுவதும் சொல்லிவிட்டாளாம். சத்தம் போடப் போகிறார் என்று நின்றிருக்கிறாள். அவரோ, “எனக்குந்தாம்மா நாலு சர்டிபிகேட் இருக்கு. ஒண்ணுலயாவது நான் உட்கார்ந்தேனான்னு யோசிக்கிறேன்” என்றாராம். வந்த பிறகு சனிக்கிழமைகளில் விட்ட பாடத்தை நடத்தித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அடுத்த அணியிலும் பெயர் வந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏறுவதற்கு முன் என்னிடம் விபூதி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு நாள் சமையலையும் மாட்டையும் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். பங்காளி தினமும் வந்து குழம்பை மோந்து பார்த்துவிட்டுச் சிரிக்கிறான்.

முதல் நாள் மதியம் அவள் போன் செய்தாள்.

“நாப்பது பேரு இருக்கோம் மாமா. பக்கத்துல ஒருத்தங்க தூங்கி வழியறாங்க, மணி அடிக்கறதுக்குள்ள ரெண்டு பேரு ஓடிட்டாங்க.”

“நீ?”

“முதல் பெஞ்சுல உக்காந்துக்கினு இருக்கேன். கேள்வி கேட்டாரு. எனக்குத் தெரியல. தெரியலன்னு எழுந்து நின்னு சொன்னேன், வேர்த்து ஊத்திடுச்சி.” மூச்சு வாங்கினாள். “எம் புள்ளைங்க தெனமும் இப்டித்தான நிக்குதுங்க மாமா, எதிர்ல? நான் ஒரு நாளும் நெனச்சிப் பாக்கலியே.”

சாப்பிட்டாயா என்று கேட்டேன். இனிமேல்தான் என்றாள். மணி அடித்துவிட்டது, வைக்கிறேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.