தெரிந்தவர்களுக்கு இந்தப் பதில் போகாது

நாற்பத்து மூன்று வயதில் நான் ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கலாம். இருந்திருந்தால் என் அக்கா ஒரு நாளாவது என் வீட்டில் வந்து தங்கியிருப்பாள்.

தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் பதினெட்டு வருடமாக வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். லாட்ஜுக்கென்று தனியாக ஒரு போன் வாங்க முதலாளிக்கு மனசு வரவில்லை. வாசல் பலகையில் என் சொந்த நம்பரையே எழுதிவிட்டார். ரூம் கேட்பவர்களும் என் வீட்டாரும் ஒரே நம்பருக்குத்தான் வருவார்கள். மற்ற நாட்களில் ஒன்றும் தெரியாது. பௌர்ணமி நெருங்கினால் போதும், கிரிவலம் வருகிற ஊரெல்லாம் என் சட்டைப்பையில் வந்து நிற்கும். "சார் ரூம் இருக்கா?" "அண்ணா, ஃபேமிலி, ஒரே ஒரு ரூம் போதும்." இருப்பது இருபத்திரண்டு அறை, அவை ஒரு மாதம் முன்பே நிரம்பிவிடும். இல்லை இல்லை என்று தட்டியே என் கட்டைவிரல் வீங்கிப்போகும். எனக்குப் பொறுமையும் கம்மி. ஒருவருக்கு "தமிழ் படிக்கத் தெரியாதா? இல்லைன்னா இல்லைதான்" என்று அனுப்பி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்காவுடன் சண்டை வந்ததும் இதே கோபத்தால்தான். அவள் ஆரணியில் இருந்தாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவள் மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயரைப் போடவில்லை. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்று அக்கா அழுதாள். பத்திரிகை அடித்து வந்ததும் படித்துப் பார்க்கக் கண் இல்லையா என்று கத்தினேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. தாய்மாமன் சீர் இல்லாமலே அந்தப் பெண் மணையில் உட்கார்ந்தாள். அக்கா இரண்டு முறை போன் செய்தாள், இரண்டு முறையும் துண்டித்தேன். பிறகு அவள் நம்பரையே போனிலிருந்து அழித்தேன். அழித்துவிட்டு, அவள் வருவாள் என்று மூன்று வருடம் காத்திருந்தேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, உண்மையைச் சொல்கிறேன்: அவள் வந்து வாசலில் நிற்க வேண்டும், நான் கொஞ்சம் முறைத்துவிட்டு உள்ளே கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அந்தக் காலத்தில்தான் மெசேஜ்களுக்குக் கணினியே பதில் அனுப்ப ஒரு வழி இருக்கிறது என்று தமிழ் வீடியோ ஒன்றில் பார்த்தேன். செயலிக்கு நாம் வரிசையாக உத்தரவு எழுதி வைக்க வேண்டும். அதைத்தான் ஸ்கிரிப்ட் என்கிறார்கள். புது மெசேஜ் வந்தால் இதைச் செய், இப்படி இருந்தால் அதைச் செய். மத்தியானம் லாட்ஜ் காலியாக இருக்கும்போது ஒரு நோட்டில் வீடியோவைப் பார்த்து எழுதிக்கொள்வேன். ஒரு புள்ளி இடம் மாறினாலும் திரை முழுக்கச் சிவப்பாகத் திட்டும். முதலாளியின் திட்டை வாங்கிப் பழகியவனுக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. மூன்று மாதம் முட்டி மோதினேன். கடைசியில் ஒரு நாள் அது ஓடியது. "வணக்கம். பௌர்ணமிக்கு அறைகள் நிரம்பிவிட்டன. மன்னிக்கவும். அண்ணாமலையார் அருள் கிடைக்கட்டும். இப்படிக்கு, நிர்வாகம்." பதில் போனதும் அந்த உரையாடலை அழித்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். பார்த்தால்தானே கோபம் வரும்.

முதல் பௌர்ணமியிலேயே வம்பு. தக்காளி வாங்கி வரச் சொல்லி என் மனைவி மெசேஜ் போட்டாள். அவளுக்கும் நிர்வாகம் பதில் அனுப்பிவிட்டது. வீட்டுக்குப் போனதும் வாசலிலேயே மறித்தாள்.

"வாங்க நிர்வாகம். எனக்கே ரூம் இல்லன்னுட்டீங்க, அப்ப நான் எங்க போறது?"

பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் புரண்டார்கள். மறுநாளே ஒரு வரி சேர்த்தேன். போனில் நம்பர் பதிந்திருந்தால் அந்த மெசேஜைத் தொடாதே. தெரிந்தவர்களை விட்டுவிடு, தெரியாதவர்களுக்கு மட்டும் பதில் சொல். மொத்த ஸ்கிரிப்டில் யாரையும் பார்த்து எழுதாமல் நானாக யோசித்து எழுதிய வரி அது ஒன்றுதான். அதைப் பற்றிப் பக்கத்து லாட்ஜ்காரர்களிடம்கூடப் பீற்றிக்கொண்டேன்.

ஆவணிப் பௌர்ணமி அன்று ஸ்கிரிப்ட் காலையிலிருந்து ஓடியது. எத்தனை பதில் போனது என்று திரையின் ஓரத்தில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. நான் டீ குடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து எட்டிப் பார்த்து, "பரவால்லியே, ஒழுங்கா மரியாதையா பேசுது, உன்ன மாதிரி இல்ல" என்றார். எனக்கு அன்று முழுக்க ஒரே பெருமை.

ஐப்பசியில் மாமா போன் செய்தார். அக்கா புருஷனை நாங்கள் மாமா என்போம். "உங்க அக்கா போயிட்டாப்பா" என்றார். வயிற்றில் கட்டியாம். ஆபரேஷன் செய்து, தேறி வருவதுபோல் இருந்து, இல்லாமல் போய்விட்டாள். அவளுக்கு உடம்பு சரியில்லை என்பதே எனக்குத் தெரியாது. பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டியவன் நான். கல்யாணத்துக்குச் சீர் எடுத்துப் போகாதவன், கோடிப் புடவை எடுத்துக்கொண்டு ஆரணி பஸ் ஏறினேன். அரக்கு நிறம். அவளுக்கு அது பிடிக்குமா என்றுகூட எனக்கு நினைவு வரவில்லை. அதை அவள் மேல் போர்த்தியபோதும் நான் அழவில்லை. சாவு ஒரு பக்கம் இருக்கட்டும், உடம்பு முடியாதபோதுகூட என்னைக் கூப்பிடவில்லையே என்று உள்ளே கோபமாகத்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பாட்டுப் பந்தியும் எழுந்த பிறகு, அக்கா மகள் என்னிடம் வந்தாள். கையில் அக்காவின் போன்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். அம்மா மேல அவ்ளோ கோவமா உங்களுக்கு?"

"நான் எங்கம்மா கோவப்பட்டேன்? அவதான் என்ன ஒரு வார்த்த கூப்பிடல."

அவள் போனைத் திறந்து கொடுத்தாள். ஆவணிப் பௌர்ணமி அன்று காலை அக்கா எழுதியிருந்தாள். "தம்பி, ஆபரேஷனுக்கு முன்னாடி சாமி பாக்க வரேன். இன்னிக்கு உங்க வீட்ல தங்கிக்கட்டுமா?" அதன் கீழே நிர்வாகத்தின் பதில். "தம்பி நான்தான்டா, அக்கா." மறுபடி அதே பதில். கடைசியாக, "சரிப்பா. வேலயா இருப்ப. உடம்ப பாத்துக்கோ." அதற்கும் வணக்கம் சொல்லி, அறைகள் நிரம்பிவிட்டன என்று சொல்லி, அண்ணாமலையார் அருளையும் அனுப்பியிருந்தேன்.

அன்று திரையோரத்தில் ஏறிய எண்ணில் மூன்று என் அக்கா.

"கிரிவலத்துல அக்னி லிங்கம் வரைக்கும்தான் நடக்க முடிஞ்சுது மாமா. அப்புறம் ஆட்டோ புடிச்சு பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருந்துட்டு வந்துட்டாங்க. உங்களுக்குன்னு சுட்ட அதிரசத்த அப்படியே திருப்பி எடுத்துட்டு வந்தாங்க. கேட்டா, அவன் பிஸிடின்னாங்க."

நான் இல்லை என்பதை அவளிடம் எப்படியாவது நிரூபித்துவிட வேண்டும் என்று தவித்தேன்.

"அது நான் அனுப்பலம்மா. கம்ப்யூட்டரு. நான் எழுதி வச்ச ஸ்கிரிப்டு, அதுவா அனுப்பிடும். பௌர்ணமிக்கு கூட்டம் ஜாஸ்தி, அதனால. ஆனா தெரிஞ்சவங்களுக்குப் போகாதும்மா. சத்தியமா போகாது. போன்ல நம்பர் இருந்தா அது தொடவே தொடாது."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்த பெண், உடனே புரிந்துகொண்டாள்.

"அப்ப அம்மா நம்பர் உங்க போன்ல இல்லியா மாமா?"

பந்திப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். அவள் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.