பத்து பைசா வோல்டேஜ்

தாவீதுக்குத் தன் மனைவி மேல் சந்தேகம் எதுவும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்பவர்களின் புத்தி நேராக அந்தப் பக்கம்தான் போகும். அவனுடைய வயிற்றெரிச்சல் வேறு ரகம். கிரேஸ் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "முஜீப் கை பட்டா கம்ப்யூட்டர் பேசாம வேலை செய்யுதுங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். மூன்று வருடமாக அந்தப் பாராட்டு தாவீதுக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது இன்னொருவனுக்குப் போகிறது. அவ்வளவுதான் விஷயம், ஆனால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி இழுக்கும் ஒரு மில்லில் தாவீது எலக்ட்ரீசியன். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். குடும்பத்தில் முதன்முதலில் ஐடிஐ முடித்து யூனிஃபார்ம் போட்டவன் இவன்தான். மில்லில் ஒரு மோட்டார் நின்றால் மேனேஜரிலிருந்து கேன்டீன்காரர் வரை, "தாவீதைக் கூப்புடு" என்பார்கள். பதினான்கு வருடம் அதைக் கேட்டுக் கேட்டு, அது இல்லாமல் இருக்க முடியாத ஆளாகிவிட்டான். 2005இல் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பார்ட்ஸ் வாங்கிவந்து தானே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டினான். கிரேஸ் கல்யாண வீடியோ மிக்சிங் பழகியது அதில்தான். பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்த அருணாச்சலத்திடம் அவளை வேலைக்குச் சேர்த்ததும் அவன்தான். ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்கு ஒன்று என்றால் அருணாச்சலமும் அவனைத்தான் கூப்பிடுவார்.

2008 கோடையில் அருணாச்சலம் புதுக் கம்ப்யூட்டர் போட்டார். அதைப் பூட்டிக் கொடுத்தவன் பழவேற்காட்டுப் பையன் முஜீப். வயது இருபத்தாறு இருக்கும். வீட்டில் எல்லோரும் இறால் வியாபாரம். இவன் மட்டும் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்வருவான். அவன் பூட்டியதோடு விடவில்லை. பிராசசர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று கம்பெனிக்காரன் வைத்திருக்கிறானோ, அதைத் தாண்டி ஓட வைத்தான். ஓவர்கிளாக் என்று அதற்குப் பெயர். வெட்டி ஒட்டிய கல்யாணத்தை ஒரே படமாகக் கோத்து எடுப்பதை ரெண்டர் போடுவது என்பார்கள். ஆறு மணி நேரம் பிடித்த ரெண்டர் நாலரை மணி நேரத்தில் முடிந்தது.

இதைக் கேள்விப்பட்ட அன்றே ஏதோ வேலையாக வந்தவன் மாதிரி தாவீது ஸ்டுடியோவுக்குப் போனான். முஜீப் கபடமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னான்.

"ஸ்பீடு ஏத்துறது ஈஸிண்ணா. சும்மா இருக்கச்சொல்லோ எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ரெண்டர் போட்டு லோடு ஏறுனா சிப்புக்குப் போற வோல்டேஜ் எறங்கிடும். எறங்குனா அப்டியே நின்னுடும். அதுக்கோசரம் கொஞ்சம் மேலயே வெச்சிருக்கேன்."

"எவ்ளோ வெச்சிருக்கே?"

"ஒரு ரூபா நாப்பத்தஞ்சு பைசா." முஜீப் வோல்டேஜை இப்படித்தான் சொல்வான். ஒரு வோல்ட் ஒரு ரூபாய்.

"டார்ச் லைட்டு செல்லே ஒன்றரை வோல்ட்டுப்பா" என்று தாவீது சிரித்தான். "நாங்க நானூத்திப் பதினஞ்சு வோல்ட்டுல கைய வெக்கிறவங்க."

"அதுல அஞ்சு வோல்ட்டு கொறஞ்சா யாருக்குண்ணா தெரியப்போவுது? இதுல அஞ்சு பைசா கொறஞ்சா பேஜாரு."

பக்கத்தில் இருந்த கிரேஸ் சிரித்துவிட்டாள். முஜீப் சொன்னதற்குத்தான் சிரித்தாள், புருஷனைப் பார்த்து இல்லை. ஆனால் தாவீதுக்கு மூக்குடைந்த மாதிரி ஆகிவிட்டது.

அந்த வாரமே வீட்டுக் கம்ப்யூட்டரில் கை வைத்தான். ஸ்பீடை ஏற்றினான், கிரேஸ் கண் முன்னால் ரெண்டர் போட்டான், கால் மணி நேரத்தில் திரை உறைந்து நின்றது. வோல்டேஜ் இறங்குகிறது என்று முஜீப் சொன்னானே, அப்படியென்றால் லைனில் கரண்ட் சரியில்லை என்று மில்காரன் மூளை கணக்குப் போட்டது. சிப்காட் உலைகள் இழுக்கும்போது இந்தப் பக்கம் டியூப்லைட்டே கண் சிமிட்டும். அவன் நினைத்ததிலும் நியாயம் இருந்தது. பிரிட்ஜுக்கு வைப்பதைவிடப் பெரிய ஸ்டெபிலைசர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். சுவரில் இருநூற்று முப்பது ஆடாமல் அசையாமல் நின்றது. முஜீப் சொன்னது பெட்டிக்குள் சிப்புக்குப் போகும் வோல்டேஜ்; கம்ப்யூட்டர் முன்போலவே கால் மணியில் நின்றது.

"முஜீப்பையே ஒருவாட்டி கேளுங்களேன்" என்றாள் கிரேஸ். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. தாவீது அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

சனிக்கிழமை வாய்ப்பு தானாக வந்தது. ஸ்டுடியோவில் டியூப்லைட் எரியவில்லை என்று அருணாச்சலம் கூப்பிட்டிருந்தார். அவர் கேமராவோடு பொதட்டூர்பேட்டைக்குக் கல்யாணம் எடுக்கப் போய்விட்டார். கிரேஸ் சாவியைக் கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். சோக்கை மாற்றியதும் தாவீது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அது எழும்போதே பட்டனை அழுத்தி, வேகமும் வோல்டேஜும் வைக்கும் நீலத் திரைக்குள் போனான். முஜீப் வைத்த நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டு போவதுதான் எண்ணம். சத்தியமாக அதுதான் எண்ணம்.

1.4500 என்று இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குள் என்னவோ புகைந்தது. எழுதிக்கொள்ள பேனாவை எடுக்காமல் மைனஸ் பட்டனைத் தட்டினான். ஒரு தட்டுக்கு ஒன்றேகால் பைசா இறங்கியது. எட்டு தட்டு. பத்து பைசா குறைந்து 1.3500இல் நின்றது. சேமித்துவிட்டு எழுந்தான்.

கணக்கு சுலபமானது. மில்லில் வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் முனகும், சூடேறும், கடைசியில் நின்றே போகும். பதினான்கு வருடம் பார்த்தது அது. திங்கட்கிழமை கிரேஸ் ரெண்டர் போடுவாள். வள்ளூர் துளசிராமன் மகள் கல்யாண டிவிடி அன்று சாயந்திரம் கொடுத்தாக வேண்டும். பாதியில் நிற்கும். முஜீப் பழவேற்காட்டிலிருந்து வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். "தாவீதைக் கூப்புடு" என்பார் அருணாச்சலம். இவன் போவான், பத்து பைசாவைத் திரும்ப ஏற்றுவான், கையைத் தட்டிக்கொண்டு எழுவான். கிரேஸ் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதற்குள் அவள் வாங்கப்போகும் திட்டும் ஞாபகம் வராமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தவளைப் பார்த்தபோது நெஞ்சு குறுகுறுத்தது. இப்போதே போய்ச் சரிசெய்துவிடலாம், சாவி இன்னும் பையில்தான் இருந்தது. ஆனால் பொறாமைக்காரனுக்கு நல்ல புத்தி வந்தாலும் பஸ் ஸ்டாண்டு வரைதான் வரும். அவன் போகவில்லை.

திங்கட்கிழமை பகல் ஷிப்ட். செல்போன் சட்டைப் பையில் இருந்தது. மில் சத்தத்தில் மணி கேட்காதே என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தான். பன்னிரண்டு ஆயிற்று, இரண்டு ஆயிற்று, யாரும் கூப்பிடவில்லை. பொறுக்க முடியாமல் மூன்று மணிக்கு அவனே கூப்பிட்டான்.

"இன்னா, வேலை ஓடுதா?"

"முடிஞ்சே போச்சுங்க" என்றாள் கிரேஸ். "ஊட்ல சொல்றேன்."

வீட்டுக்கு வந்தபோது அவள் ஏற்கெனவே வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி.

"தினமும் ஒரு மணி நேரம் ஓடுனா சூடேறிடும்ங்க. ஃபேன் கத்தும். அப்பறம் அதுவே ஸ்லோ ஆயிடும். இன்னிக்குச் சத்தமே இல்ல, கைய வெச்சுப் பாத்தேன், சூடும் கம்மி. மூணேகால் மணி நேரத்துல முடிச்சிடுச்சு. துளசிராமன் சார் கைல டிவிடிய குடுத்துட்டேன். ஓனருக்கு ஒரே சந்தோஷம்."

தாவீதுக்குக் கணக்கு இப்போதுதான் புரிந்தது. முஜீப் பயந்து பயந்து அதிகமாக வைத்திருக்கிறான். அந்த அதிகம்தான் சூடாகி, சூட்டுக்குப் பயந்து சிப் தானாக வேகத்தைக் குறைத்திருக்கிறது. மோட்டாருக்கு ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயம். கெடுக்கப் போனவன் சரியான வோல்டேஜைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"முஜீப்புக்குப் போன் போட்டுச் சொன்னேன்" என்றாள் கிரேஸ். "நான் ஒண்ணுமே பண்ணலக்கான்னு சாதிக்குது. அது இல்லன்னா வேற யார் பண்ணுவா? செஞ்சதைச் சொல்லிக்கத் தெரியாத பையனுங்க."

தாவீது வாயைத் திறந்தான். நான்தான் என்று சொல்லலாம். எதற்காகக் கை வைத்தீர்கள் என்று அவள் கேட்பாள். திறந்த வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டான்.

"வர்ற ஞாயித்துக்கெழம அதை ஊட்டுக்குச் சாப்புடக் கூப்ட்டுருக்கேன். அப்டியே நம்ம கம்ப்யூட்டரையும் பாக்கட்டும். கறி மட்டும் பாய் கடைல வாங்கணும், இல்லன்னா அது தொடாது. சர்ச்சு முடிஞ்சதும் நீங்களே போய் நல்லதா பாத்து வாங்கினு வந்துடுங்க."

"எவ்ளோ வாங்கட்டும்?" என்று கேட்டான் தாவீது.

"ரெண்டு கிலோ" என்றாள் கிரேஸ். "நல்லா சாப்புடட்டும்."