சும்மா கிடக்கும் மணல்

தில்லியில் கொள்கை ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. கடற்கரையை எப்படிக் காப்பாற்றுவது என்று அரசாங்கத்துக்கு யோசனை சொல்வது அதன் வேலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள மீனவக் குப்பங்களில் கருத்துக் கேட்க அங்கிருந்து வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். பெருமையாகப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு குப்பத்தில் ஒரு பெண் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மணல்மேட்டைக் காட்டி, அது எதற்குப் பயன்படுகிறது என்று அவளிடம் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன்.

“அது சும்மா கீது டீச்சர். சும்மாதான் கெடக்கணும். அலை ஏறிச்சின்னா படகுங்கள அங்கதான் இஸ்துகினு போவோம். அதான் யாரும் அங்க வூடு கட்றதில்ல.”

படிவத்தில் ‘தற்போதைய பயன்பாடு’ என்ற கட்டத்தில் ஒன்றிரண்டு சொல்லுக்குத்தான் இடம். வெயில் மண்டையைப் பிளந்தது. ரிசார்ட்டில் மதியச் சாப்பாடு வேறு காத்திருந்தது. ‘பயன்பாடு இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

மையத்தின் அறிக்கை வழவழ தாளில் வந்தது. அடுத்து அரசாங்கத்தின் கடற்கரை மேலாண்மை வரைவு வந்தது. படித்துப் பார்த்தால் அறிக்கையின் பத்திகள் அப்படியே இருக்கின்றன. எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தவில்லை. ‘பயன்பாட்டில் இல்லாத’ மணல்மேட்டில் சூழல் சுற்றுலாக் குடில்களாம், சுற்றிலும் வேலியாம்.

பதறிப்போய் மையத்துக்குப் போன் செய்தேன். அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம் மேடம் என்றார் ஆய்வாளர், அவ்வளவு மரியாதையாக. அரசாங்க வரைவு? அது எங்கள் கையில் இல்லையே என்றார். அரசு அலுவலகத்தில் கேட்டால், அது மையத்தின் ஆய்வு, நாங்கள் எப்படி மாற்றுவது என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எம்.எல்.ஏ. என்றால் ஓட்டுக் கேட்டு வரும்போதாவது பிடித்து நிறுத்தலாம். இந்த மையத்துக்காரர்களை எந்த வாசலில் போய்ப் பிடிப்பது?

செங்கல்பட்டில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. “உங்க ஊர்க்காரங்களே அந்த எடம் பயன்படலைன்னு சொல்லியிருக்காங்க,” என்று அதிகாரி வாசித்தார்.

கருவாட்டுக்காரி கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தாள். “இன்னா டீச்சர், நா இன்னா சொன்னேன்னு நீயே சொல்லு.”

எழுந்து நின்றேன். அவள் சொன்னது சரி, தப்பாக எழுதியது நான்தான் என்றேன். அதிகாரி அறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினார்.

“மொழிபெயர்ப்பாளர்னு யார் பேரும் இதுல இல்லையே மேடம். எழுத்துல குடுங்க, சேர்த்துக்கறோம்.”

அங்கேயே உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். பிறகு வெளியான கூட்டக் குறிப்பில் அது ஒரே வரியாகியிருந்தது: ‘உள்ளூர் ஆசிரியை ஒருவர் மொழிநடை குறித்துக் கருத்துத் தெரிவித்தார்.’

போன வாரம் குப்பத்துக்குப் போனேன். மேட்டைச் சுற்றி வேலிக்குக் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“மழ வந்துகினு கீது டீச்சர். படகெல்லாம் எங்க இஸ்துகினு போறது?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.