தேன்மொழியின் எண்

இன்று காலை ரத்தப் பரிசோதனைக்காக, நான் முன்பு கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்த மருத்துவமனைக்குப் போனேன்.

ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தேன்மொழி அழுதுகொண்டிருந்தாள். ஒரு நோயாளியின் ரத்த வகையை மாற்றிப் பதிந்ததாக அவளை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்.

"அன்னைக்கு நான் லீவும்மா. திருவாதவூர்ல அண்ணன் வீட்டு விசேஷத்துல இருந்தேன்."

ஆய்வக மேலாளர் கணினிப் பதிவேட்டை அச்சடித்த ஒரு தாளை நீட்டினார். "லாக்ல இவ நம்பர்தாம்மா இருக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

சொல்லும். அந்தப் பதிவு நிரலை சி என்ற கணினி மொழியில் எழுதியவளே நான்தான். பதிவு செய்பவரின் பயனர் எண் இன்னது என்று மேசைக் கணினி சொல்லும். மையக் கணினியான சர்வர் அதைச் சரிபார்க்காமல் நம்பிவிடும். "யாராச்சும் வேற நம்பரைக் குடுத்தா?" என்று மறைந்த என் கணவர் அன்றே கேட்டார். எனக்குப் பாடம் எடுக்காதீர்கள் என்றேன்.

மேலாளர் எதிரிலேயே ஆய்வகக் கணினியில் நிரலின் எண்ணை மாற்றி, ஒரு சோதனைப் பதிவை அனுப்பினேன். லாகில் அவருடைய எண் வந்தது.

"ஐயையோ, நான் ஒண்ணும் பண்ணலையேம்மா!"

"அதைத்தானே அவளும் சொல்றா?"

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மேலிடத்துக்கு யாராச்சும் ஒருத்தர் பேரைக் குடுத்தாகணும்மா. ஆர்டர் போயிருச்சு."

"என் பேரைக் குடுங்க. தப்பு என்னோடது."

"நீங்கதான் ரிட்டயர்டு ஆயிட்டீங்களே," என்று சிரித்தார்.

தேன்மொழி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நடந்ததைக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறேன். யாருக்கு அனுப்பினால் படிப்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பயனர் எண் போடவில்லை.