அந்தோணிசாமி அண்ணன் கவிழ்க்காத லாரி

மொபைலில் விளையாட்டு செய்து பிழைப்பவளைப் பார்த்து, "உனக்கென்ன, வேலையே விளையாட்டு" என்று சொல்லாத சொந்தக்காரர் பெரம்பலூரில் எனக்கு இல்லை. அவர்கள் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து ஒரு லாகின் திரை செய்யச் சொல்ல வேண்டும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: விளையாடுகிற ஆள் யார் என்று விளையாட்டு தெரிந்துகொள்கிற வாசல்தான் லாகின். அந்த வாசலைக் கட்டப் போய் நான் ஒரு மனிதரின் நல்ல பெயரைக் கெடுத்தேன்.

சம்பளமில்லாத இன்ஸ்பெக்டர்

உரக்கடை மாடியில் முதலாளி முரளி சாரோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர். எங்கள் விளையாட்டில் சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றி, சிமெண்ட் ஆலைக்கு லாரி ஓட்ட வேண்டும். எத்தனை நடை போனீர்கள், எத்தனை தடவை கவிழ்த்தீர்கள் என்பது திரையின் மேலே நிற்கும்.

வரதராஜன்பேட்டை அந்தோணிசாமி அண்ணன் இருபத்தைந்து வருடம் நிஜமாகவே அரியலூர்க் கல்லை ஏற்றி ஓட்டியவர். சர்க்கரையில் கால் விரல்கள் போன பிறகு, வீட்டில் உட்கார்ந்து எங்கள் லாரியை ஓட்டினார். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடக் கவிழ்க்கவில்லை. அந்தப் பூஜ்யத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவாராம். வாரம் ஒருமுறை எனக்குப் போன் போட்டுக் குற்றம் சொல்வார். முதல் போனிலேயே இறக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "லோடு வண்டிய எறக்கத்துல பிரேக்க மட்டும் நம்பி வுட்டா, ஆளு வூடு வந்து சேர மாட்டான்மா. நீ வண்டி ஓட்டுனவ இல்ல, அதான் தெரியல."

முதல் வாசல்

போன் தொலைந்தால் விளையாடியதெல்லாம் தொலைந்துபோகிறது, அதனால் லாகின் வேண்டும் என்றார் முரளி சார். நியாயம்தான். முதலில் போன் நம்பர் வைத்தேன். நம்பரைப் போட்டால் ஓடிபி வரும், அதைப் போட்டால் உள்ளே போகலாம்.

உடையார்பாளையத்திலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். ரேஷன் கார்டிலிருந்து கேஸ் சிலிண்டர் வரைக்கும் எங்கே நம்பர் கேட்டாலும் கணவர் நம்பரைச் சொல்வதுதான் அவருக்குப் பழக்கம். இங்கேயும் அதையே போட்டிருக்கிறார். ஓடிபி நேராகச் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. உங்கள் நம்பரைப் போடுங்கள் என்றேன். "இனிமே எந்த நம்பரப் போட்டு என்னங்க? பகல்ல நான் லாரி ஓட்டுறது அவருக்குத் தெரியாம இருந்துச்சு. நீங்களே சொல்லிக் குடுத்துட்டீங்க."

இரண்டாம் வாசல்

நம்பர் வேண்டாம், மெயில் ஐடி வைத்துவிடு என்றார் முரளி சார். மெயில் இல்லாமல் போனே ஓடாது, ஆளுக்கு ஒன்று கட்டாயம் இருக்கும் என்பது அவர் வாதம். எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஒரே மெயிலில் இரண்டு ஆட்டம் இருந்தால் கடைசியாக ஆடியது நிற்கட்டும், பழையது அழியட்டும் என்று ஒரு விதி எழுதினேன். ஒருவரே இரண்டு போன் வைத்திருந்தால் உதவுமே என்ற நல்லெண்ணம்தான்.

புது லாகின் வெளியான மறுநாள் காலையில் அந்தோணிசாமி அண்ணன் கூப்பிட்டார். குற்றம் சொல்லும்போது இருக்கும் உற்சாகம் குரலில் இல்லை. "லாகினத் தொட்டேன்மா. முப்பத்தேழு தடவ கவுத்துருக்கேன்னு போட்டுருக்கு. எங்கூட லோடு அடிச்சவன் பக்கத்துல உக்காந்து பாத்துட்டுச் சிரிக்கிறான்."

எல்லாருக்கும் ஒன்று

போன் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். ஜெயங்கொண்டத்தில் ஒரு செல்போன் கடை என்றார். பஸ் பிடித்துப் போனேன். கடைக்காரர் சேகர் நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். புதுப் போன் விற்கும்போது தன்னுடைய மெயில் ஐடியையே எல்லாப் போனிலும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார், பல வருடமாக. எங்கள் விளையாட்டுக்கு அவர் விற்ற போன் அத்தனையும் ஒரே ஆள். அண்ணன் லாகினைத் தொட்டதும், அந்த மெயிலில் யாரோ கடைசியாக ஆடி முப்பத்தேழு தடவை கவிழ்த்த ஆட்டம் அவர் போனில் வந்து உட்கார்ந்துவிட்டது. தவறு கடைக்காரருடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதியை எழுதியது நான். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் அவரைக் கேட்டேன். "மெயிலு கேட்டா முழிக்கிறாங்க மேடம். பாஸ்வேர்ட மறந்துட்டு எங்கிட்டத்தான் வரப்போறாங்க. அதான் எல்லாத்துக்கும் ஒண்ணே போட்டு வுட்டுட்டேன். இத்தன வருசத்துல ஒரு கம்ப்ளெய்ண்டு வந்ததில்ல."

ஈடு

விதியை அன்றைக்கே மாற்றினேன். ஆனால் அண்ணனின் பழைய ஆட்டம் எங்கேயும் இல்லை. போனில் இருந்தது ஒரே ஒரு பிரதி, அதைத்தான் என் விதி அழித்திருந்தது. ஒரு தங்க லாரி இலவசமாகக் கொடுத்துவிடு, மறந்துவிடுவார் என்றார் முரளி சார். எனக்கு ஆத்திரமாக வந்தது. யாரிடமும் கேட்காமல், கவிழ்த்தது பூஜ்யம் என்று என் கையால் அடித்தேன். நடைகளுக்கு உத்தேசமாக ஒரு பெரிய எண்ணைப் போட்டேன். அண்ணனைக் கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

பார்த்தார். இது நான் ஓட்டியதா, நீ எழுதியதா என்று கேட்டார். பொய் சொல்ல முடியவில்லை. நான்தான் எழுதினேன் என்றேன். "காண்ட்ராக்டர்கிட்ட இருபத்தஞ்சு வருச சர்வீஸுக்குப் பணம் கேட்டுப் போனப்ப, கம்ப்யூட்டர்ல உன் பேரே இல்லன்னாங்க. ஒன் வண்டியிலயாவது இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்மா."

அதன் பிறகு அவர் ஓட்டவும் இல்லை, குற்றம் சொல்லக் கூப்பிடவும் இல்லை.

விளையாடுவது யார் என்று தெரிந்துகொள்ள வாசல் கட்டினோம், எங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்த ஒரே ஆள் அந்த வாசல் வழியாக வெளியே போய்விட்டார்.